தாளாளருக்கு ஒரு மூட்டைப் பிடியரிசி

தாளாளர் தெய்வசிகாமணி ஒரு சட்டம் போட்டார். பிளஸ் டூவில் எல்லாப் பாடமும் பாஸானால் மட்டும் போதாது, ஆதரவில்லாதவர்களுக்குச் சேவையும் செய்தால்தான் பள்ளிச் சான்றிதழ். நல்ல சட்டம்தான், யார் குறை சொன்னது? ஆனால் பிள்ளைகளை அவர் சேவைக்கு அனுப்பிய இடம் அவருடைய சொந்த வீடு! மகள் கல்யாணத்துக்கு வெங்காயம் உரித்தார்கள், ஒட்டடை அடித்தார்கள், கார் கழுவினார்கள்.

அந்த வகுப்பு மாணவி மரிக்கொழுந்து மட்டும் போகவில்லை.

"நீ முதல் மார்க் வாங்கினா எனக்கென்ன? ஆண்டு விழாவுக்குள்ள சேவை செஞ்சு மேடையில காட்டு. இல்லேன்னா சான்றிதழ் கிடையாது" என்றார் தாளாளர்.

விழாவன்று மேடையில், கலெக்டர் முன்னால், அவள் ஒரு மூட்டையை இறக்கினாள்.

"என்னம்மா இது?" என்றார் கலெக்டர்.

"பிடியரிசிங்கய்யா. வீட்டுக்கு ஒரு பிடின்னு ஊரெல்லாம் கேட்டு வாங்கினேன். கூலிக்கு ஆள் வைக்கக்கூட வழியில்லாத ஒரு குடும்பத்துக்கு."

முதலில் கைதட்டியவர் தாளாளர்தான். "இதுவல்லவா சேவை! எந்தக் குடும்பம்னு சொல்லு, என் கார்லயே அனுப்பி வைக்கிறேன்."

"உங்க குடும்பம்தாங்கய்யா. கல்யாணத்துக்கு வெங்காயம் உரிக்க எங்க கிளாஸ்தானே வரவேண்டியிருந்துச்சு!"

பந்தலே குலுங்கிச் சிரித்தது. கலெக்டர் தன் பேனாவைத் திறந்து, அவள் சான்றிதழில் கையெழுத்துப் போடச் சொல்லித் தாளாளரிடம் நீட்டினார்.