தங்கபாய் எடுத்த அட்டை

“அந்த அட்டையை அவளா எடுத்தாளா, இல்ல ஆண்டவர் எடுக்க வச்சாரா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நான் போயிருதேன்.”

நான்கு மாதமாகக் கோயில் பக்கமே தலைகாட்டாத அருமைநாயகம், செருப்பைக்கூடக் கழற்றாமல் சபைப் போதகியான பாஸ்டரம்மா ஜெபக்கனியின் மேசை முன்னால் வந்து நின்றார்.

பாஸ்டரம்மா புத்தாண்டுக்கான வசன அட்டைகளை வெட்டிக்கொண்டிருந்தார். வருஷத்தின் முதல் நாள் ஆராதனை முடிந்ததும் சபையார் வரிசையாக வந்து, தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒன்றை எடுப்பார்கள். அதில் வரும் வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அவரவருக்குத் தரும் வாக்கு.

“உக்காருங்க அண்ணாச்சி.”

“உக்கார வரல.”

ஒன்பது வருஷமாகச் செவ்வாய்க்கிழமை வேதபாட வகுப்பில் அவர்தான் முதல் பெஞ்சு. வயதில் சிறியவரான பாஸ்டரம்மாவை வார்த்தைக்கு வார்த்தை குரு என்பார். ஆனால் ஒரு நாளும் ஒத்துப்போக மாட்டார்.

ரட்சிக்கப்படுகிறவர்களை உலகம் உண்டாகுமுன்னே ஆண்டவர் முன்குறித்துவிட்டார், கிருபைக்கு முன்னால் மனுஷ சித்தம் ஒன்றுமில்லை என்று பாஸ்டரம்மா அந்தக் காலத்துப் போதகர் கால்வினை மேற்கோள் காட்டிச் சொல்லுவார். அருமைநாயகம் முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டினவர்.

“ஸ்டியரிங் என் கையிலதானம்மா இருந்துச்சு!”

“ரூட்டு யாரு போட்டா அண்ணாச்சி?”

வகுப்பே சிரிக்கும். அவரும் சிரிப்பார். வீட்டில் சாவு விழாதவரைக்கும் அது நல்ல பொழுதுபோக்கு.

பிறகு அவர் மனைவி தங்கபாய்க்கு வயிற்றில் கட்டி வந்தது. ஜனவரியில் ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வார் என்றார் டாக்டர். புத்தாண்டன்று தங்கபாய் எடுத்த அட்டையில், சுகம் தருவேன் என்கிற வசனம் வந்தது.

“ஆண்டவரே சொன்ன பொறவு கத்தி எதுக்கு?” என்று கேட்டார் தங்கபாய். கெஞ்சியும் பார்த்தார்கள், திட்டியும் பார்த்தார்கள். ஆகஸ்டில் அந்த அட்டையையும் சேர்த்தே சவப்பெட்டிக்குள் வைத்து மூடினார்கள்.

“ஆண்டவரு குடுத்தார்னா, அவரு ஏமாத்துனாரு,” என்றார் அருமைநாயகம். “அவளா எடுத்தான்னா, அது வெறும் காயிதம். அவளை இழுத்துட்டுப் போயி ஆஸ்பத்திரில போடாதது என் தப்பு. நான் யாரை வெறுக்கணும்னு எனக்குத் தெரியணும்மா. தெரியாம சோறு இறங்க மாட்டேங்கு.”

பாஸ்டரம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். எழுந்து பீரோவைத் திறந்தார். ஒரு சின்னத் தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார். அதில் கவிழ்த்த அட்டைகள் இருந்தன.

“ஒண்ணு எடுங்க.”

“எனக்கு வசனம் வேண்டாம்.”

“எடுங்க அண்ணாச்சி.”

எடுத்தார். சுகம் தருவேன் என்றிருந்தது.

இன்னொன்றை எடுத்தார். அதுவும் அதே வசனம். பிறகு தட்டையே கவிழ்த்துக் கொட்டினார். பதினோரு அட்டைகளிலும் ஒரே வசனம்.

“பன்னிரண்டு இருந்துச்சு,” என்றார் பாஸ்டரம்மா. “அக்கா வரும்போது தட்டை மாத்தினேன். ஒண்ணே ஒண்ணு வச்சா சந்தேகப்படுவாக. அவுகளா எடுத்த மாதிரி இருக்கணும்லா.”

அருமைநாயகத்துக்கு முகம் கறுத்துவிட்டது.

“அப்போ நீங்கதான்! ஆண்டவர் தெரிஞ்செடுக்கார், ஆண்டவர் தெரிஞ்செடுக்கார்னு ஒன்பது வருசமாக் கத்துனிய. கடைசில தெரிஞ்செடுத்தது நீங்களா? எம் பொண்டாட்டியக் கொன்னுட்டு இங்க உக்காந்து அட்டை வெட்டுதியளா?”

பாஸ்டரம்மா தலை குனியவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

“மாத்தினது நாந்தான். யாரு கேட்டு மாத்தினேன் அண்ணாச்சி?”

“யாரு கேட்டா?”

“போன வருசக் கிறிஸ்மஸ் அன்னைக்கு. கோயில் வாசல்ல. கையில கேக்கு வச்சிருந்திய.”

அவருக்கு ஞாபகம் வந்தது. வரக்கூடாத ஞாபகம். ‘ஆபரேஷன்னாலே அவ நடுங்குதாம்மா. ஒரு நல்ல வசனமா அவ கையில வந்துச்சுன்னா தைரியமாப் போயிருவா. பாத்துக்கிடுங்க.’ சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லிவிட்டு மறந்தும் போனார். அந்த அட்டை வந்தபோது, சபையிலேயே முதல் ஆளாகச் சத்தமாய் ஸ்தோத்திரம் சொன்னவரும் அவர்தான்.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“அப்போ பாவம், அவ ஒண்ணுமே செய்யல,” என்றார். “நான் கேட்டேன், நீங்க வச்சிய. அவ என்ன செய்வா? எதை எடுத்தாலும் அதுதானே வந்திருக்கும்.”

“ஆமா.”

“அவ மேல தப்பே இல்ல.”

பாஸ்டரம்மா பதில் சொல்ல விரும்பாதவர்போல ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் ஒரு அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“ஆபரேஷனுக்குப் போகாதன்னு இதுல எங்க எழுதியிருக்கு அண்ணாச்சி?”

அருமைநாயகம் அட்டையைப் பார்த்தார். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார்.