ஆவுடையப்பனின் ஆறாவது கம்பி

"டீச்சர், இந்தக் கம்பி செத்துட்டு."

ஆவுடையப்பன் கிட்டாரை உறையிலிருந்து உருவி மேசைமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. போட்டார்.

அவருக்கு வயது நாற்பத்தொன்பது. பாளையங்கோட்டையில் ஒரு மெல்லிசைக் குழுவில் பத்தொன்பது வருஷமாக கிட்டார் வாசிக்கிறார். செல்வக்கனி டீச்சருக்கு முப்பத்திரண்டு. அந்தப் பக்கத்தில் கிட்டார் சொல்லிக்கொடுப்பதும் பழுது பார்ப்பதும் அவள்தான். தன்னைவிடச் சின்னவளிடம் வந்து கேட்பதில் அண்ணாச்சிக்கு வெட்கம் கிடையாது. அவருக்கு வயிறு எரிந்தது வேறு விஷயத்தில்.

"எந்தக் கம்பி அண்ணாச்சி?"

"ஆறாவது. தடிக் கம்பி. மத்த அஞ்சும் பாடுது. இது மட்டும் சளி பிடிச்ச மாதிரி தொப்புங்குது."

டீச்சர் தட்டிப் பார்த்தாள்.

தொப்.

"என்னெல்லாம் செஞ்சீங்க?"

"புதுக் கம்பி மாத்தினேன். தொப்பு. வேற கம்பெனிக் கம்பி போட்டேன். அதுவும் தொப்பு. கொதிக்க வச்சா அழுக்கு போவும்னு எவனோ சொன்னான். பழைய கம்பியை டீ போடுத சட்டியில போட்டுக் கொதிக்க வச்சேன். வீட்ல ஏச்சு வாங்கினதுதான் மிச்சம்."

"சரி."

"என்ன சரி? வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுல கச்சேரி. மேடைக்கு ரெண்டு கிட்டார் வேண்டாம், இனிமே ஒண்ணு போதும்னு குழு ஓனர் சொல்லிட்டார். வியாழக்கிழமை ரெண்டு பேரையும் வாசிக்கச் சொல்லிக் கேப்பாராம். ஒருத்தனை வச்சுக்கிட்டு ஒருத்தனை அனுப்பிருவாராம்."

"இன்னொருத்தர் யாரு?"

அண்ணாச்சியின் முகம் வேப்பங்காயைக் கடித்ததுபோல் ஆகிவிட்டது.

"லிவிங்ஸ்டன். இருபத்து நாலு வயசு. வந்து முழுசா எட்டு மாசம் ஆகலை. அவன் முடியும் அவன் சட்டையும்! ஆனா கம்பியில கையை வச்சாப் போதும், சத்தம் அப்படியே நிக்குது. கூட்டம் அவனைத்தான் பாக்கு. பாடுத பிள்ளைங்களும் அவனைத்தான் பாக்கு. எனக்குப் பொறாமையான்னு கேக்காதீங்க. ஆமா, பொறாமைதான். சோறு இறங்கல டீச்சர்."

டீச்சர் கேட்கவே இல்லை. கிட்டாரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒரு காந்தப் பெட்டி இருக்கும். கம்பி ஆடுவதைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். இந்தக் கிட்டாரில் ஆறாவது கம்பிப் பக்கம் அது கம்பியை முட்டாத குறையாக மேலே ஏறி நின்றது.

"இதை ஏத்தினது யாரு?"

"நான்தான். போன வாரம், ஒத்திகைக்கு நடுவுல. கிட்டக் கொண்டுபோனா சத்தம் கூடும்லா? அவனை அமுக்கணும்னு ஏத்தினேன்."

"எவ்வளவு?"

"ஸ்க்ரூ போற மட்டும்."

டீச்சர் தன் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினாள். அதில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டு, விரலால் சுண்டினாள்.

"ஆடுதா?"

"ஆடுது."

ஆடுகிற ஊக்கை அப்படியே பிக்கப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"ஆடுதா?"

அண்ணாச்சி ஊக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடச்சீ!" என்றார்.

அவரே ஸ்க்ரூவைத் திருகி இறக்கினார். ஒரு சுற்று, தட்டிப் பார்த்தார். இன்னொரு சுற்று. நாலாவது சுற்றில் ஆறாவது கம்பி வாயைத் திறந்தது. சத்தம் எழும்பி அறை முழுக்க நின்றது. அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது, பாவம்.

அன்று செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை மத்தியானம் வேர்க்க விறுவிறுக்க மறுபடி வந்து நின்றார்.

"டீச்சர், செத்துட்டு!"

"திரும்பவுமா?"

"எனக்கு இல்ல. அவனுக்கு!"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

"போன வாரம் நான் பிக்கப்பை ஏத்தினதைப் பயபுள்ள பாத்திருக்கான். அண்ணாச்சி ஏதோ வித்தை வச்சிருக்காருன்னு நெனச்சு நேத்து ராத்திரி அவனும் ஏத்திட்டான். இன்னைக்குக் காலையில ஒத்திகை. ரெண்டு மணி நேரம். வாசிக்கான், தொப்பு. கம்பியை மாத்துதான், தொப்பு. கடைசியில எங்கிட்டயே வந்து நிக்கான். என்ன செய்ய அண்ணாச்சின்னு."

"என்ன சொன்னீங்க?"

"இன்னொரு கம்பி மாத்திப் பாருலேன்னுட்டேன். நாளைக்கு ஓனர் முன்னாலயும் தொப்புதான். நான் இனி எங்கயும் போக வேண்டாம். என் இடம் எனக்கு!"

டீச்சர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"உங்க கம்பி எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?"

"எது?"

"உங்க ஆறாவது கம்பி. ரெண்டு மணி நேரம் வாசிச்சீங்கல்லா?"

"ஆமா, வாசிச்சேன். முதல் பாட்டுலயே அவனுக்கு ரெண்டு தடவை தொப்பு. மூணாவது பாட்டுல எடுத்ததுமே தொப்பு. பாடுத பிள்ளை திரும்பிப் பாத்துட்டு. அப்புறம் அந்த டூயட்டுல..."

"அது அவருது. உங்களுது?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை மனசுக்குள் ஒருதரம் போய்த் திரும்பி வந்தார்.

"என் கம்பியை நான் கேக்கவே இல்லையே டீச்சர். காது பூரா அவன் தொப்புலதான் இருந்துச்சு."

டீச்சர் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அண்ணாச்சி அதைக் குடிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ஒரு தடவை திரும்ப உள்ளே வைத்தார். பிறகு மறுபடி எடுத்தார்.

"எலே லிவிங்ஸ்டன். கிட்டாரைத் தூக்கிட்டு செல்வக்கனி டீச்சர் வீட்டுக்கு வா. இப்பவே. கம்பி எல்லாம் வாங்காத. உன் கம்பியில ஒரு கோளாறும் இல்ல."

அந்தப் பக்கம் லிவிங்ஸ்டன் இழுத்தான்.

"அண்ணாச்சி, நாளைக்குத்தானே ஓனர் ஒருத்தரை எடுக்கப் போறாரு? எனக்கு எதுக்கு நீங்க...?"

"என் கம்பி எனக்குக் கேக்கணும்லே. வா சீக்கிரம்."