ஜாடியின் அடியில் மீன்

பூசும்போது சாம்பல். சூளையிலிருந்து வெளியே வரும்போது நீலம். அது என்ன?

பூஜாடிகளில் வரையும் நீலச்சாயம். சுடும்வரை அது தன் நிறத்தைக் காட்டாது.

அச்சு வைக்காமல் ஒவ்வொரு பூவையும் கையாலேயே வரையும் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே சலேத்தம்மாளிடம் பவுனு வரையக் கற்றுக்கொண்டிருந்தாள். அதற்கு முன் அவளுக்கு மண் மிதிக்கிற வேலை.

அன்று பவுனுவின் முதல் ஜாடி சூளைக்குப் போகவேண்டும். நன்றாக வந்தால் அவள் வரைகிற பெண்களோடு உட்காரலாம். இல்லையென்றால் மறுபடியும் மண்தான்.

அவளுடைய சின்ன மகள் செல்லி பக்கத்தில் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, தப்புப் பண்ணிட்டேன்," என்றாள் பவுனு.

"என்ன தப்பு?"

"ஒரு இலை வெளுத்த மாதிரி இருந்துச்சு. அது மேலயே இன்னொரு தடவை பூசிட்டேன்."

சலேத்தம்மாளின் கை நின்றது. இரண்டு தடவை பூசிய இடம் சூளையில் கறுத்து வழியும்.

"எந்த இலை?"

"தெரியலக்கா. காஞ்சதும் எல்லாம் ஒரே சாம்பலாயிடுச்சு."

"துடைச்சா மொத்தமும் போயிடும்."

வெளியே சூளைக்காரர் கத்தினார்: "வாசலை அடைக்கப் போறேன்! வர்றது வரட்டும், வராதது கிடக்கட்டும்!"

சலேத்தம்மாள் வரைந்த ஜாடியும் அங்கே இருந்தது. அதே பூ, அதே இலை. இரண்டின் அடியிலும் இன்னும் குறி போடவில்லை. யார் குறி இருக்கிறதோ, ஜாடி அவள் வரைந்ததாகக் கணக்கு. பவுனுவின் குறி ஒரு மீன்.

"அக்கா... உங்க ஜாடியில என் மீனைப் போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்கோ."

"கோவமா?"

"கோவிச்சுக்க நேரமில்லை. போடு."

பவுனு தூரிகையை எடுத்தாள். சாயம் தரையில் சொட்டியது. கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"இந்தக் கையால போட்டா மீன் பல்லியாயிடும்," என்றாள் சலேத்தம்மாள்.

"அம்மாவோட மீன் எனக்கு வரும்," என்றாள் செல்லி.

சலேத்தம்மாள் தூரிகையை வாங்கிக் குழந்தையிடம் கொடுத்தாள். இரண்டு ஜாடிகளையும் அவள் முன்னால் கவிழ்த்து வைத்தாள்.

"எது அம்மா வரைஞ்சது, பெரியம்மா?"

"சன்னல் பக்கம் இருக்கறது."

"அது கறுத்துடுமா?"

"கறுக்கும்."

"அதுல வேணாண்டி, தங்கம்," என்றாள் பவுனு. "பெரியம்மாவோடதுல போடு."

"அடைக்கிறேன்!" என்றது வெளிக்குரல்.

செல்லி சன்னல் பக்கம் இருந்த ஜாடியில் மீனை வரைந்தாள்.