வாயில் பழம் இருக்கும்போது

"எந்தப் பாவி இந்தப் பழக்கத்தைச் சோலையில ஆரம்பிச்சு வச்சானோ, அவன் வரட்டும்! வந்து என் பெண்டாட்டிக்கு ஒரு வேளை பழம் ஊட்டிவிட்டுப் போகட்டும்!"

பட்டுப்போன மரத்தின் உச்சிக் கிளையில் உட்கார்ந்து சடையன் என்ற இருவாச்சிப் பறவை கத்தினான். யாரைத் திட்டுகிறோம் என்று அவனுக்கே தெரியாது. திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. கீழே சருகுக்குள் அத்திப்பழங்கள் சிதறிக் கிடந்தன. கொஞ்சம் முன்புவரை அவை அவன் தொண்டைக்குள் இருந்தவை; தரையில் இறங்கிப் பொறுக்குவது இருவாச்சிக்கு வழக்கமில்லை.

நடந்தது இதுதான். அவன் பழம் சுமந்துகொண்டு பறந்து வரும்போது, எங்கிருந்தோ மலையணிலின் குரல் கேட்டது. "சடையா, பலா வாசம் உன் பக்கம் வருதா?" அவன் "வருது" என்று வாயைத் திறந்தான். பழமெல்லாம் போச்சு.

இருவாச்சிகளுக்கு ஒரு குடும்ப வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, மண்ணையும் எச்சத்தையும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறலை மட்டும் விட்டுவைக்கும். உள்ளே இருக்கும்போது அதன் இறகுகள் உதிர்ந்துவிடும். பறந்து தப்பவும் முடியாது. வெளியே இருக்கிற ஆண் கொண்டுவந்தால்தான் சாப்பாடு. ஆண் பறவை பழங்களைத் தொண்டையில் அடக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக அலகு நுனிக்கு ஏற்றி, கீறல் வழியாக நீட்டும். அதுவரை வாய் மூடியிருக்க வேண்டும். வேறு நிபந்தனை கிடையாது.

சடையன் இதற்குச் சளைத்தவன் இல்லை. சின்னதிலேயே அப்பன் ஆத்தாளை இழந்து, அடிபட்டு மிதிபட்டு வளர்ந்தவன். இந்தப் பொந்தைக்கூடச் சண்டை போடாமல், தேனீக்களோடு நாள் முழுக்கப் பேரம் பேசித்தான் வாங்கினான். "பூ இருக்கிற வரைக்கும் அந்த நாவல் மரத்துப் பக்கம் நான் வரமாட்டேன், நீங்க பொந்தைக் காலி பண்ணுங்க" என்று முடித்தான். அப்படிப்பட்டவன் ஒரு பலா வாசத்துக்குத் தோற்றுப்போனான்.

முன்பெல்லாம் சோலையில் ஒரே ஒரு கூப்பாட்டுக்குத்தான் எல்லாரும் குரல் கொடுப்பார்கள். "மரநாய் வருது" என்ற கூப்பாடு. அதைக் கேட்டும் குரல் கொடுக்காதவனால் அடுத்தவன் குஞ்சு செத்துப்போகும். அது நியாயமான வழக்கம். பிறகு யாரோ ஒருத்தர், இன்றுவரை பெயர் தெரியாத ஒருத்தர், "எல்லாக் கூப்பாட்டுக்கும் இப்படியே உடனுக்குடன் குரல் கொடுத்தால் என்ன?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து பதில் சொல்லத் தாமதித்தவன் மரியாதை தெரியாதவன் ஆனான். பதிலே சொல்லாதவன் செத்துப்போனதாகவே பேசப்பட்டான்.

கூப்பாடுகளைச் சுமந்து திரிவது வால்நீட்டி என்ற கரிச்சான் குருவியின் வேலை. அவன் எந்தக் குரலையும் அச்சு அசலாகப் பேசுவான். அணில் சொன்னதை அணிலாகவும், மந்தி சொன்னதை மந்தியாகவும் சோலையின் எந்த மூலைக்கும் கொண்டுபோவான். வேண்டாம் என்றாலும் கொண்டுவருவான்.

சடையன் வெறும் தொண்டையோடு பொந்துக்குப் போனான். கீறலுக்குள்ளிருந்து அவன் மனைவி மாதி அலகால் சுவரைத் தட்டினாள். பசித்தால் அவள் கத்துவதில்லை. கத்தினால் மரநாய்க்கு வழி காட்டியதாகிவிடும். தட்டுவாள், அவ்வளவுதான்.

"இந்தாய்யா, எங்கே பழம்?" என்றாள் கிசுகிசுப்பாக.

"வழியில விழுந்துடுச்சு."

"நேத்தும் வழியில விழுந்துச்சு. இந்த வழி எல்லாப் பழத்தையும் தின்னுதா?"

சடையன் வெறும் அலகைக் கிளையில் தேய்த்தான். மாதி விடவில்லை.

"குஞ்சு பொரிஞ்சாச்சு. அதுக்கு இன்னும் கண்ணு திறக்கலை. காலையில மந்தி வழுக்கி விழுந்தது, இப்போ அணில் கேட்ட பலா வாசம், எல்லாக் கூப்பாடும் இங்கே வரைக்கும் கேட்டுச்சு; அதுக்கு அதெல்லாம் தெரியாது. வயிறு மட்டும்தான் தெரியும். நாளைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள தொண்டை நிறையப் பழத்தோட வரலைன்னா, நான் சுவரை உடைச்சுட்டு வெளியே வருவேன்."

"சிறகு இல்லாமலா? கீழே விழுந்தா மரநாய் விடுமா? குஞ்சு என்னாகும்?"

"உள்ளே இருந்தா மட்டும் என்னாகும்?"

ஊரில் இருக்கிறவன் கேட்டதற்கெல்லாம் பதில் வைத்திருந்தவன், வீட்டில் கேட்டதற்கு வாயடைத்து நின்றான்.

நேராக வால்நீட்டியைத் தேடிப் போனான். அவன் ஒரு கொடியில் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஒரு பேச்சு."

"சொல்லுங்கண்ணே. அதுக்கு முன்னாடி, ஓடைப் பக்கம் என்ன நடந்துச்சுன்னா..."

"ஓடை அங்கேயே இருக்கட்டும். நாளையிலேருந்து மரநாய் வந்தா மட்டும் என்னைக் கூப்பிடு. மத்ததை எல்லாம் பொழுது சாயும்போது பட்ட மரத்துல உட்கார்ந்து மொத்தமாக் கேட்டுக்கறேன்."

"அதெப்படிண்ணே? திடீர்னு அவசரமா ஒண்ணு வந்துட்டா?"

"இன்னைக்கு என்ன அவசரம் வந்துச்சு?"

வால்நீட்டி தலையைச் சாய்த்து யோசித்தான். "அணில் பலா வாசம் கேட்டுச்சு."

"அப்புறம்?"

"கருமந்தி வழுக்கி விழுந்துச்சு. நீங்ககூடச் சிரிச்சீங்களே."

"சிரிச்சேன். சிரிச்சதுல என் குஞ்சோட காலைச் சாப்பாடு போச்சு. அப்புறம்?"

"கேளையாட்டு மான் தும்முச்சு."

"அது தும்மினதுக்கு நான் என்ன சொல்லணும்?"

"ஏதாவது சொல்லணும்ல? இல்லைன்னா அது மனசுல என்ன நினைக்கும்?"

சடையன் ஆத்திரத்தில் சிறகை உதறினான். கிளை குலுங்கியது. பாசிக்குள்ளிருந்து ஒரு பூச்சி கிளம்பியது. வால்நீட்டி பேச்சை நிறுத்தாமலே பாய்ந்து அதைக் கவ்வி விழுங்கிவிட்டு, அதே கொடியில் வந்து உட்கார்ந்தான்.

சடையன் அதைப் பார்த்தான். அந்த நொடியில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் சோலையே திரும்புகிறது, துள்ளுகிறது, கிளை மாறுகிறது. பூச்சி கிளம்புகிறது. பிடித்துத் தின்பது யார்?

"டேய், உனக்கு என் பதிலே வேண்டாம். நான் துள்ளுறதுதான் வேணும்."

வால்நீட்டி வெட்கப்படவில்லை. "எனக்கும் வயிறு இருக்குல்லண்ணே."

"சரி, வயித்துக்கே பேசுவோம். நான் அத்தி மரத்துல இறங்கும்போதெல்லாம் என் பின்னாலேயே வந்து பூச்சி பொறுக்குற. இந்தச் சிறகு உதறுற மாதிரி வேற எவன் சிறகு உதறும்? நீ கூப்பிடாம இருந்தா என் பின்னாடி வா, வயிறாரத் தின்னு. கூப்பிட்டா, பழம் தேடப் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் போயிடுவேன்."

"பாதி நாள் கூப்பிடுறேனே."

"மரநாய்."

"உச்சி வெயில்ல மட்டும்?"

"மரநாய்."

"மந்தி விழுந்தாலாவது?"

"மரநாய்னு சொன்னேன்."

"யோசிச்சுச் சொல்றேண்ணே" என்று வால்நீட்டி பறந்துவிட்டான்.

அவன் யோசிக்கப் போவதில்லை என்று சடையனுக்குத் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவன் எவனும் திரும்பி வந்ததில்லை. ஆனால் பேரத்தில் எதிராளி மசியாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். நம் கையில் இருக்கும் சரக்கை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அவனிடம் இருந்த சரக்கு அவனுடைய அலகு. அதைத் திறப்பதா மூடுவதா என்பதை வால்நீட்டி முடிவு செய்ய முடியாது.

"வாயில் பழம் இருக்கும்போது யாருக்கும் பதில் இல்லை. மரநாய் என்று கேட்டால் மட்டும், பழம் போனாலும் போகட்டும் என்று குரல் கொடுத்துவிட்டுப் பொந்துக்குப் பறப்பேன்." இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மறுநாள் பக்கத்து மரங்களில் பழம் தீர்ந்துவிட்டிருந்தது. போய்வரப் பகல் முழுக்கப் பிடிக்கும் மலைமுகட்டில் ஒரே ஒரு அத்தி மட்டும் பழுத்து நின்றது. சடையன் விடிந்ததும் கிளம்பிப் போய், தொண்டை புடைக்கப் பழத்தை அடைத்துக்கொண்டு திரும்பினான்.

பாதி வழியில் அணிலின் குரல் வந்தது. "சடையா, இன்னைக்கு மழை வருமா?"

அவன் வாய் திறக்கவில்லை.

"சடையா? கேக்குதா? கோவமா?"

அலகு அரித்தது. இத்தனை நாள் பழக்கம் சும்மா விடுமா? கூப்பாடு ஓய்ந்த இடத்திலும் யாரோ கூப்பிடுவதுபோலவே இருந்தது. தானாகவே தலை திரும்பியது. திரும்பிய தலையைப் பிடித்து இழுப்பதுபோல நேராக்கிக்கொண்டு பறந்தான்.

அடுத்து கருமந்தியின் குரல். "அவனை விடுங்கப்பா. தலையில கொம்பு முளைச்சவன் நம்மளை எல்லாம் மதிப்பானா?"

சோலையே சிரித்தது. இருவாச்சியின் அலகுக்கு மேல் உண்மையாகவே ஒரு கொம்பு உண்டு. அதனால் சிரிப்பு இன்னும் கூடியது. சடையனுக்குச் சுருக்கென்றது. மந்தியின் பின்பக்கத்தைப் பற்றி அருமையான பதில் ஒன்று தொண்டைவரை வந்தது. அங்கே ஏற்கெனவே பழம் இருந்தது. பதிலை விழுங்கினான், பழத்தை வைத்துக்கொண்டான்.

பள்ளத்தைத் தாண்டும்போது, பக்கத்து மூங்கில் புதரிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"சடையா! நான்தான் மாதி! சுவர் உடைஞ்சு கீழே விழுந்துட்டேன்! எங்கே இருக்கே? ஒரு குரல் கொடு!"

மாதியின் குரலேதான். சடையனின் சிறகு தடுமாறியது. அலகு தளர்ந்தது. ஒரு பழம் நுனிவரை உருண்டு வந்து நின்றது.

பொந்து இருப்பது அங்கே. குரல் வந்தது இங்கே. சுவரைப் பூசிய நாளிலிருந்து மாதி உரக்கப் பேசியதே இல்லை, பசித்தால் தட்டுவாள். அதைவிட, கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை.

வால்நீட்டி! இவ்வளவு தூரம் வந்துவிட்டாயா?

திட்ட வேண்டும்போல இருந்தது. திட்டினாலும் பழம் விழும். நுனியில் நின்ற பழத்தை உள்ளே தள்ளி, அலகை இறுக்கி மூடிக்கொண்டு, மூங்கில் பக்கம் திரும்பியும் பார்க்காமல் பறந்தான்.

பொந்தை அடைந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. சுவரின் கீழ்ப்பாதி ஏற்கெனவே பெயர்ந்திருந்தது. மீதியை மாதி கொத்திக்கொண்டிருந்தாள். குச்சி குச்சியாக முளைவிட்ட சிறகோடு பாதி உடம்பை வெளியே நீட்டியிருந்தாள். இன்னும் ஒரு கொத்து, அவ்வளவுதான்.

சடையன் சத்தம் போடவில்லை. ஒரு பழத்தை அலகு நுனிக்கு ஏற்றி நீட்டினான்.

மாதி கொத்துவதை நிறுத்தினாள். பழத்தை வாங்கிக் குஞ்சுக்கு ஊட்டினாள். அடுத்ததை வாங்கினாள். அதற்கடுத்தது. உள்ளே கீச்சென்ற சத்தம் மெல்ல அடங்கியது. பிறகுதான் அவளும் ஒன்றை விழுங்கினாள்.

"சோலையில என்ன சேதி?" என்று கேட்டாள்.

"தெரியலை."

"யாரும் கூப்பிடலையா?"

"கூப்பிட்டாங்க."

மாதி இன்னொரு பழத்தை வாங்கிக்கொண்டாள். "சரி. ஈர மண் கொண்டா. சுவரைப் பூசணும்."

அன்று மாலை சடையன் பட்ட மரத்தில் போய் உட்கார்ந்து, "இப்போ சொல்லுங்க, எல்லாத்தையும்" என்றான். எல்லாரும் சொன்னார்கள். வெளிச்சம் மங்குவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்கள். அதில் உடனே தெரிந்திருக்க வேண்டிய சேதி ஒன்றுகூட இல்லை. மந்திக்கு வைத்திருந்த பதிலையும் அப்போது சொன்னான். சோலை அதற்கும் சிரித்தது. அந்தப் பதில் கெட்டுப்போகவில்லை, பழமும் விழவில்லை.

வால்நீட்டி சில நாள் முறைத்தான். பிறகு வயிறு காய்ந்து, சத்தமில்லாமல் சடையனின் பின்னால் அத்தி மரத்துக்கு வந்தான். சடையன் சிறகை நன்றாகவே உதறினான். பேரம் பேரம்தான். ஆனால் மாதியின் குரலில் பேசியதை மட்டும் அவன் மறக்கவில்லை.

அடுத்த பருவத்தில் மரங்கொத்தியும் மலையணிலும் மாலையில் பட்ட மரத்துக்கு வரத் தொடங்கினார்கள். மற்றவர்கள் இன்னமும் ஒவ்வொரு தும்மலுக்கும் துள்ளிக்கொண்டுதான் இருந்தார்கள். பல கூடுகளின் கீழே பழம் சிதறிக் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் சடையனுக்குப் பழைய கோபம் ஏறும். அந்தப் பருவத்துக் குஞ்சு பறக்கப் பழகிய நாளில், அலகில் ஒன்றும் இல்லாத நேரம் பார்த்து, சோலை அதிரக் கத்தினான்.

"ஆரம்பிச்சு வச்ச ஆளே! எங்கே ஒளிஞ்சிருக்கே? என் வீட்டை நான் காப்பாத்திக்கிட்டேன். மத்த வீடுங்களுக்கு யார் பதில் சொல்றது? மரநாய்க்கு மட்டும் குரல் கொடுத்தாப் போதும்னு உன் வாயாலேயே வந்து சொல்லு!"

கூப்பிட்டவர்களுக்கெல்லாம் வாய் திறக்கிறவனின் வீட்டில் காத்திருக்கும் வாய் பட்டினி கிடக்கும். ஆகவே அவரவர் அலகை அவரவர் மூடிக்கொள்ளட்டும், இந்தப் பழக்கத்தைக் கட்டிவிட்டவர் யாரோ அவரே வந்து அதை அவிழ்த்துவிட்டும் போகட்டும்.