தேனீக்களிடம் சொன்ன சேதி

பிரபுக்கள் வீட்டுச் சாவு என்றாலே கொஞ்சம் சந்தேகப்பட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஜெர்மனியில் ஒரு காட்டோரக் கோட்டையில் ஒரு வழக்கம். எஜமான் செத்தால் தேனீப் பெட்டிகளைத் தட்டி, "பழைய எஜமான் போய்விட்டார், புது எஜமான் இன்னார்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தேனீக்கள் ஓடிப்போகும், வம்சம் விளங்காது.

அந்தக் கோட்டையின் பெரிய பிரபு எபர்ஹார்ட் ஒருநாள் சாயங்காலம் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்து செத்தார். கூட இருந்தது தம்பி லுடோல்ஃப் மட்டும்தான். அடக்கத்தன்று பார்த்தால், பெட்டிகள் எல்லாம் காலி!

புதுப் பிரபுவாகிவிட்ட லுடோல்ஃப், தேனீ வளர்க்கும் வால்புர்காவைச் சொந்தபந்தம் முன்னால் நிறுத்தினார்.

"சேதி சொல்லாமல் தூங்கிவிட்டாயா? பொழுது சாய்வதற்குள் அத்தனை தேனீயும் திரும்ப வேண்டும். இல்லையென்றால் உனக்குச் சிறைதான்!"

"சொன்னேன் பிரபு. வேட்டைக்குப் போன அன்று விடியற்காலையில் நீங்களே வந்து, 'அண்ணன் செத்துவிட்டார், இனி நான்தான் எஜமான், போய்ச் சொல்' என்றீர்களே! அப்போதே சொல்லிவிட்டேன். ஆனால் பொய் சொன்ன வீட்டில் தேனீ தங்காதே."

செத்தவரின் மனைவி இர்ம்கார்ட் எழுந்து நின்றாள். "என்ன பொய்?"

"அன்று மத்தியானம் பெரிய பிரபு என்னிடம் தேனடை வாங்கித் தின்றுவிட்டுத்தான், அம்மா, குதிரை ஏறினார். தேனீ போய்விடுமே என்ற பயத்தில் சின்னவர் கொஞ்சம் முந்திவிட்டார்."

லுடோல்ஃப் வாசல் பக்கம் திரும்பினார். காவலாள் அதற்குள் கதவைச் சாத்தியிருந்தான்.