வாய் தைத்த பை

ஒரு வீட்டில் ஒரு கடன் குடியிருந்தது. அது யாருக்கும் வாடகை தரவில்லை. வீட்டுக்காரர்கள்தான் மாதாமாதம் அதற்கு அழுதுகொண்டிருந்தார்கள்.

வீட்டுக்காரன் சீனித்துரை, கோவில்பட்டிப் பக்கம் மினி பஸ் ஓட்டுகிறவன். அவன் மனைவி முப்பிடாதி வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள். இரண்டு பேரும் சேர்ந்து கடன் வாங்கி ஒரு ஜூஸ் கடை போட்டார்கள். அந்த வருஷம் பார்த்து மழை விடாமல் பெய்தது. கடை போய்விட்டது, கடன் மட்டும் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது.

ஒரு நாள் இருவரும் வீராவேசமாக ஒரு முடிவு எடுத்தார்கள். கடன் தீரும்வரை தனக்கென்று ஒரு ரூபாய்கூட யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது. வருவதெல்லாம் பீரோவுக்கு. இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை.

"எனக்குச் சட்டைப்பையே வேண்டாம். வாயத் தைச்சுப் போடு" என்றான் சீனித்துரை.

"அப்படின்னா அடுப்படியில ஒரு டப்பாவுக்கும் மூடி வேண்டாம். நான் எதுலயாச்சும் காசு போட்டு வைக்கேன்னு நீங்க நினைச்சிரக் கூடாது பாருங்க" என்றாள் முப்பிடாதி.

மூடிகளெல்லாம் சாக்கில் கட்டிப் பரணுக்குப் போயின. பேன்ட் பைகளை அவள் கத்தரித்தே எடுத்துவிட்டாள். சட்டைப்பையையும் பிரித்து எடுத்திருப்பாள். ஆனால் அவனுக்கு இருந்தது ஒரே காக்கிச் சட்டை. பையை எடுத்தால் வெளுக்காத துணி நெஞ்சில் சதுரமாகத் தெரியும். அதனால் அதன் வாயை மட்டும் மிஷினில் வைத்து ஒரே ஓட்டாக ஓட்டிவிட்டாள்.

இந்தக் கதை அந்தப் பையின் கதை.

அவள் ஓட்டிய அவசரத்தில் ஒன்றைக் கவனிக்கவில்லை. பையின் மூலையில் ஓர் ஐம்பது ரூபாய் நோட்டு மடங்கிக் கிடந்தது. வைத்தவனும் அதை மறந்துபோனான். கனத்த காக்கித் துணி, தடவினாலும் கையில் தட்டுப்படாது. பைக்கு மட்டும்தான் தெரியும்.

"ஏய், நான் உள்ள இருக்கேன். மூச்சு முட்டுது" என்றது நோட்டு.

"சத்தம் போடாத. தனக்குன்னு காசு வச்சிருக்கக் கூடாதுன்னு இந்த வீட்டுச் சட்டம். தெரிஞ்சா என்னையும் கத்தரிச்சு எறிஞ்சிருவாங்க" என்றது பை.

அன்று பிடித்தது பைக்குப் பயம். பயம் நாள்பட நாள்படச் சந்தேகமாக மாறியது. தன்னிடமே ஒன்று ஒளிந்திருக்கும்போது மற்றவர்கள் எல்லாம் சுத்தமாக இருப்பார்கள் என்று அதனால் எப்படி நம்ப முடியும்? வாயைத் தைத்த பிறகுதான் அதற்குப் பேச்சே அதிகமானது.

சட்டை மாட்டும் ஆணி அடுப்படி வாசலில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் நேர் எதிரே கடுகு டப்பா. மூடி இல்லாமல், தூசி விழுந்து, பாவமாக உட்கார்ந்திருந்தது.

"முப்பிடாதி உன்கிட்ட கை விடும்போது ஏன் முழங்கை வரைக்கும் விடுதா? தாளிக்கதுக்கு மேல கிடக்க கடுகு போதாதோ?" என்று பை கேட்டது.

"அடியில உள்ள கடுகுதான் தூசி இல்லாம இருக்கு" என்றது டப்பா.

"நல்லா சமாளிக்க."

"நான் திறந்த வாயோட உக்காந்திருக்கேன். மூடின வாய் நீதான். நீ என்ன வச்சிருக்கன்னு நான் கேட்டனா?"

பை சட்டென்று சுருங்கிக்கொண்டது. இது எதையோ தெரிந்துகொண்டுதான் பேசுகிறது என்று நினைத்தது. அன்றிலிருந்து டப்பாவை விட்டு அது கண்ணை எடுக்கவில்லை.

அந்தச் சட்டையை முப்பிடாதி தினமும் துவைப்பாள். சோப்புப் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, கல்லில் நாலு அடி அடிப்பாள். ஒவ்வொரு துவைப்புக்கும் உள்ளே இருந்த நோட்டின் குரல் கம்மிக்கொண்டே வந்தது.

"என்னைய வெளிய விடு. நான் யாருக்காவது ஆகுறேன்" என்று ஒரு நாள் கெஞ்சியது.

"நீ யாருக்காவது ஆனா, நான் மாட்டிக்கிடுவேன்" என்றது பை.

வீட்டு மனிதர்களும் இதே லட்சணத்தில்தான் இருந்தார்கள். சீனித்துரைக்குச் சம்பளம் போக, கைச்செலவுக்கென்று தினமும் படிக்காசு உண்டு. பீரோவுக்கு வரும்போது அது கொஞ்சம் இளைத்திருக்கும். முப்பிடாதி தைத்த ஜாக்கெட்டுகளை அவன் கண்ணாலேயே எண்ணினான். நூல் வாங்க பஜாருக்குப் போனவள் திரும்பி வரும்போது அவள் மீது பன்னீர் சோடா வாசனை அடிக்கிறதா என்று பார்த்தான். அவள், அவன் சாப்பிட உட்கார்ந்ததும் எத்தனை இட்லியில் நிறுத்துகிறான் என்று பார்த்தாள். கேள்வியை மட்டும் இருவரும் கேட்கவில்லை. கேட்டால் பதிலுக்குத் தானும் சொல்ல வேண்டிவரும் அல்லவா.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துவைக்கப் போட்ட சட்டையைக் கையில் எடுத்த முப்பிடாதி அப்படியே நின்றுவிட்டாள். பையின் மேல் வட்டமாக எண்ணெய்க் கறை.

"இது என்ன?"

"வண்டி எண்ணெயா இருக்கும்" என்றான் சீனித்துரை.

அவள் முகர்ந்து பார்த்தாள். "வண்டிக்குப் பருப்பு வடையா போடுதீக? அதுல சோம்பு வேற மணக்கு."

"ஒருத்தன் வாங்கிக் குடுத்தான்."

"எவன்?"

"ஒருத்தன்னா ஒருத்தன்."

"பேரில்லாத ஒருத்தன் தினமும் வாங்கித் தாரானோ? அதான் ராத்திரி ரெண்டு இட்லியில எந்திரிக்கீக. நான் கழுத்து வலிக்க வலிக்க மிஷின் மிதிக்கேன், நீங்க மாலையில வடை தின்னுட்டு வாரீக!"

சீனித்துரைக்கு முகம் கறுத்துப்போனது. மாட்டிக்கொண்டவனுக்கு வருகிற கோபம் வந்தது. விறுவிறுவென்று அடுப்படிக்குள் போனான். பல நாளாக மனதுக்குள் குறித்து வைத்திருந்தான் போலிருக்கிறது, வேறு எதையும் தொடாமல் நேராகக் கடுகு டப்பாவைத் தூக்கித் தரையில் கவிழ்த்தான்.

கடுகு நாலாபக்கமும் உருண்டோடியது. நடுவில் சுருட்டிய நோட்டுகள் சில கிடந்தன.

"இது எங்கேருந்துட்டி வந்தது? தூசியோட விளைஞ்சுதா?"

முப்பிடாதி தலை நிமிரவில்லை. "வெயில்ல நூல் வாங்கப் போகையில ஒரு சோடா குடிப்பேன். என்னைக்காவது ஒரு முழம் பூ. அதுக்குமேல ஒண்ணும் இல்ல."

"நான் சொன்னேன்ல! நான் அப்பவே சொன்னேன்ல!" என்று அவள் கையிலிருந்து நழுவித் தரையில் கிடந்த சட்டையிலிருந்து பை கத்தியது. அதற்கு அவ்வளவு சந்தோஷம். உள்ளறையில் கடனும் நிம்மதியாகப் புரண்டு படுத்தது. இனி இவர்கள் ஒருவரை ஒருவர் காவல் காக்கவே பொழுது சரியாக இருக்கும், தன்னை யாரும் சீக்கிரம் வெளியே அனுப்பப் போவதில்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

"டப்பாவக் கவுத்தாச்சு. இப்ப இதையும் பாத்துருவோம்" என்று முப்பிடாதி மிஷின் மேலிருந்த பிளேடை எடுத்தாள். "தைச்ச பைக்குள்ள எந்த வழியா என்னத்தப் போட்டு வச்சிருக்கீகளோ."

பைக்கு உயிரே போய்விட்டது. "நோட்டே, ஒட்டிக்கோ, மூலையில ஒட்டிக்கோ" என்றது. பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால், பல நாட்களாகவே பதில் இல்லை. டப்பாவை வேவு பார்க்கிற மும்முரத்தில் அது இதைக் கவனிக்கவில்லை.

தையல் பர்ரென்று பிரிந்தது. முப்பிடாதி விரலை விட்டு மூலையைத் தோண்டினாள். சுண்ணாம்பு உருண்டை மாதிரி ஒன்று வந்தது. விரலில் உருட்டினாள். உதிர்ந்தது. அதில் ஓரமாக ஒரு வெள்ளிக் கம்பி மட்டும் மின்னியது.

"ரூவா நோட்டுல்லா இது" என்றாள் மெதுவாக.

சீனித்துரை குனிந்து பார்த்தான். "அம்பது ரூவா. பை தைக்கதுக்கு முந்தின நாள் வச்சது. டீ குடிக்கலாம்னு வச்சேன், மறந்தே போனேன் புள்ள."

"உங்களுக்கும் ஆகல. எனக்கும் ஆகல."

"கடனுக்கும் போகல" என்றான் அவன்.

இருவரும் கடுகுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். அந்த உருண்டை அவள் உள்ளங்கையில் இருந்தது. பிள்ளை செத்த பிறகு அதன் மேல் பாசம் பொங்குகிற மாதிரி பைக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நாம் இதைப் பத்திரமாக வைத்திருக்கவில்லை, கொன்றுதான் வைத்திருந்தோம் என்று புரிந்து வெட்கப்பட்டது.

முதலில் பேசியது முப்பிடாதிதான். "ஆளுக்கு இவ்வளவுன்னு வாரா வாரம் எடுத்துக்கிடுவோம். அது அவங்கவங்க காசு. வடை தின்னாலும் சரி, வாய்க்கால்ல போட்டாலும் சரி."

"கடன் இன்னும் ரெண்டு மூணு மாசம் கூடுதலா இழுக்குமே."

"இழுக்கட்டும். இப்படியே போனா கடன் தீரும்போது நாம பேசிக்கிட மாட்டோம்."

"எவ்வளவு?" என்றான் அவன்.

"நீங்க வெளிய போறவுக. உங்களுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கட்டும்."

"வேண்டாம். கூட வச்சா அதுல ஒரு சந்தேகம் முளைக்கும். ஒரே அளவு." பிறகு தயங்கி, "எதுக்குன்னு கேக்க மாட்டியே?" என்றான்.

"நீங்க கேட்டாத்தான் நான் கேப்பேன்."

உள்ளறையில் கடன் எழுந்து உட்கார்ந்தது. அதற்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பரணிலிருந்து மூடிச் சாக்கு இறங்கியது. காக்கிச் சட்டையின் பைக்குள் ஒரு புது நோட்டு வந்து நிமிர்ந்து உட்கார்ந்தது. வாய் திறந்திருந்ததால் அதற்கு மூச்சு முட்டவில்லை. அடுத்த வாரமே அது டீக்கடைக்குப் போய்விடும். பை அதற்காகக் கவலைப்படவில்லை.

ஆணியில் தொங்கிக்கொண்டே அது எதிரே பார்த்தது. கடுகு டப்பா துடைத்துப் பளபளவென்று இருந்தது. மூடி இறுக்கமாகப் போட்டிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. பூவுக்கா, சோடாவுக்கா, வேறு எதற்காவதா, எவ்வளவு மிச்சம்? பழைய வழக்கம், கேள்வி தையல் விட்ட உதடு வரைக்கும் வந்துவிட்டது.

பை கேட்கவில்லை.