அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்ட தாய்மாமன்

ஒரு ஊர்ல ஒரு சைக்கிள் கடை இருந்துச்சு. அந்தக் கடைக்காரன் பேரு ஆவுடையப்பன். படிப்பு மூணாங்கிளாஸ். இங்கிலீஷ்ல அவனுக்குத் தெரிஞ்சது பத்துப் பன்னிரண்டு வார்த்தை. அதுல ஒண்ணு அட்ஜஸ்ட். ம் சொல்லு.

"ம். அது நீதானே தாத்தா?"

ஊர்ல ஒரே ஒரு ஆவுடையப்பன்தான் இருக்கானா? பேசாம கேளு. பிரேக் பிடிக்கலைன்னு சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வருவாங்க. அவன் ஸ்பானரை எடுத்து நட்டை அரைத் திருகு திருகுவான். க்ரீச், க்ரீச். அப்புறம் சக்கரத்தைச் சுத்திவிட்டுப் பிரேக்கை அமுக்குவான். டக்குன்னு நிக்கும். "அட்ஜஸ்ட் பண்ணியாச்சு, எடுத்துட்டுப் போங்க"ம்பான். கோணலா இருந்தது நேரானா அதுக்குப் பேரு அட்ஜஸ்ட். அவன் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தான்.

"எங்க மிஸ்ஸும் சரிபண்றதுன்னுதான் சொன்னாங்க."

உங்க மிஸ் நல்லவங்க. மெஷினோட சேர்ந்து ஊருக்குள்ள வந்த வார்த்தை அது. அப்புறம் கடையை விட்டு எறங்கி பஸ்ல ஏறிடுச்சு. மூணு பேர் சீட்டுல நாலாவதா உக்கார வந்தவன் அதைச் சொன்னான். அப்புறம் ரேஷன் கடைக்குப் போச்சு. அரிசியில கல்லு கெடக்குன்னு கேட்டா, கடைக்காரன் அதைச் சொன்னான். நட்டைத் திருகிக்கிட்டிருந்த வார்த்தை மனுஷனைத் திருக ஆரம்பிச்சுடுச்சு. அப்படியே நடந்து நடந்து ஆவுடையப்பனோட அக்கா வீட்டுக்கும் வந்து சேர்ந்துச்சு.

அக்கா பேரு சொர்ணம். அவ புருஷன் ராசமாணிக்கம், மில்லுல கிளார்க்கு. அவங்களுக்கு ஒரே மக கோமு, மூணு வயசு. கோமுவுக்குக் காதுகுத்து வச்சாங்க. தாய்மாமன் மடியில உக்காரவச்சுத்தானே காது குத்துவாங்க? இவனுக்கு இருந்தது ஒரே அக்கா. அக்காளுக்கு ஒரே மக. இந்த ஒரு நாளை விட்டா அவன் மடிக்கு வேற நாள் கிடையாது. ரெண்டு மாசமா கையில இருந்த கிரீஸைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுனான்.

"போச்சா?"

போகலை.

மொதல்ல பத்திரிகை வந்துச்சு. தாய்மாமன் பேரு இருக்கவேண்டிய எடத்துல மில் மேனேஜர் பேரு. "எடம் பத்தலை மாப்ளே. எனக்குப் பிரமோஷன் வர்ற நேரம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ"ன்னார் ராசமாணிக்கம். "சரி அத்தான்"னான் இவன்.

அப்புறம் அந்த நாளும் வந்துச்சு. டும்டும் பீப்பீன்னு மேளத்தோட சீர்த்தட்டைத் தூக்கிக்கிட்டு வந்தான். வாசலை அடைச்சுக்கிட்டு மேனேஜர் கார் நிக்குது. "காரை எடுங்கன்னு அவர்கிட்ட சொல்ல முடியுமா மாப்ளே? பின்வாசல் வழியா வந்துடு, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ." சரின்னு தொழுவத்தைச் சுத்தி வந்தான். சாணியைச் சதக்குன்னு மிதிச்சவர் மேளக்காரர்தான். ஆனாலும் தாளம் தப்பலை அவருக்கு.

"ஐய்யே!"

மூணாவதுதான் பெருசு. வேட்டியை உதறி, மடியைச் சரிபண்ணிக்கிட்டு மணையில உக்காந்துட்டான். ஆசாரி ஊசியை எடுத்துட்டார். அப்போ ராசமாணிக்கம் குனிஞ்சு காதுல சொன்னார்: "மேனேஜர் மடியில வச்சுக்கட்டும் மாப்ளே. அவருக்கு ஒரு மரியாதை பண்ணுன மாதிரி இருக்கும். நீ நம்ம ஆளு, அட்ஜஸ்ட் பண்ணிக்க மாட்டியா?"

சொர்ணம் தம்பியைப் பார்த்தா. வாயைத் தொறக்கலை. தொறந்திருக்கலாம்.

அவன் எந்திரிச்சான். தூண் ஓரமாப் போய்ச் சம்மணம் போட்டு உக்காந்தான்.

"ம்... அப்புறம்?"

மேனேஜர் பளபளன்னு பட்டு வேட்டியை விரிச்சு உக்காந்தார். கோமுவைத் தூக்கி அவர் மடியில வச்சாங்க. ஊசியைப் பார்த்ததும் வீல்ல்னு கத்துனா. "அழக்கூடாது கண்ணு, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்"னார் மேனேஜர். மூணு வயசுப் புள்ளைக்கு இங்கிலீஷ் தெரியுமா? சர்ர்ர்ர்! பட்டு வேட்டி முழுக்க ஈரம்.

சிரிக்காதே, கேளு. எல்லாரும் திகைச்சு நிக்கறப்போ கோமு சறுக்கி எறங்குனா. குடுகுடுன்னு ஓடுனா. தூண் ஓரத்துல மாமன் மடியில பொத்துன்னு உக்காந்து அவன் சட்டையைப் பிடிச்சுக்கிட்டா. தூக்கப் பார்த்தாங்க, விடலை. அத்தனை பேர் கூட்டத்துல அட்ஜஸ்ட் பண்ணிக்காத ஒரே ஆளு அவதான்.

ஆசாரி ராசமாணிக்கத்தைப் பார்க்கவே இல்லை. "புள்ளை எங்க உக்காந்திருக்கோ அங்கதான் காது இருக்கு"ன்னு சொல்லிட்டு, பெட்டியைத் தூக்கிக்கிட்டுத் தூண் ஓரத்துக்கு வந்தார். ரெண்டு காதும் அங்கேயே குத்தியாச்சு. மேனேஜர் வேட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுப் பின்வாசல் வழியாப் போனார். அவரும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டார்.

"அம்மாவுக்கு ஒரு காது ஓட்டை கோணலா இருக்கே, அதனாலயா?"

குத்தறப்போ உங்கம்மா தலையை ஆட்டுனா. கோணலாத்தான் விழும். அது அப்படியே இருக்கட்டும்.

"அதான் நீ ராசமாணிக்கம் தாத்தாகிட்டப் பேசறதில்லையா?"

யார் சொன்னா? போன ஆவணியில பேசுனேனே. "காத்து வரலை, தள்ளி உக்காரும்"னேன்.

"ம்... தாத்தா, தலகாணி பத்தலை. நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

முப்பது வருஷத்துக்கு அப்புறம் அந்த வார்த்தையை என்கிட்டயே சொல்றா பாரு! ம்... இந்தா, முழுசா நீயே வச்சுக்கோ.

சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டாச்சு, கதையைப் பூட்டியாச்சு. கண்ணை மூடு.